எர்ணாவூர் பலூனும் பச்சை நூல் கட்டிய கயிறும்

பொங்கல் விடுமுறைக்கு ஊட்டி டிக்கெட் கிடைக்கவில்லை. எட்டு வயது மகள் யாழினி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எர்ணாவூர் மைதானத்தில் வெப்பக்காற்று பலூன் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். கயிற்றில் கட்டிய பலூன்தான். நூறடி ஏறி, பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

காலை ஐந்தேகாலுக்குக் கிண்டியில் மெட்ரோ. ஒரு மணி நேரத்தில் விம்கோ நகர். அங்கிருந்து ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், நூறு ரூபாய். பலூனுக்குத் தலைக்கு ஐந்நூறு. முதல் சவாரியே எங்களுக்கு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கூடையில் ஏறி நின்றோம். மூன்று ஜீப்புகளில் மூன்று கயிறுகள் கட்டியிருந்தார்கள். கீழே வரிசையில் எங்களுக்கு அடுத்து மகளோடு நின்றிருந்தவர், பெயர் சேகர், விசைப்படகு வைத்திருப்பவர். திடீரென ஒரு கயிற்றருகே குந்திவிட்டார்.

"நைனா, இந்தக் கவுறு ஏது?"

"காசிமேடு மீன்பிடி துறைமுகத்துல வாங்கினது. தடிமனா நல்லாத்தானே இருக்கு," என்றார் பலூன் ஓட்டுபவர்.

"மேலாப்புல நல்லாத்தான் கீது. பச்ச நூலு பாரு, அது எங்க போட்டோட அடையாளம். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு கலரு. ரெண்டு வருசம் வலை இழுத்து நைஞ்சுபோச்சுன்னு நான்தான் பழைய சாமான் கடையில போட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மத்த ரெண்டும் புதுசுதானே? வேலையைப் பாருங்க சார்," என்றேன்.

"எம்மா, மொதல்ல புள்ளய எறக்கு. அப்பால என்னத் திட்டிக்கோ."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். யாழினி அழுதாள். நாலடி நடந்திருப்போம், கடல் பக்கமிருந்து காற்று வீசியது. பச்சை நூல் கயிறு படாரென்று அறுந்தது. கூடை கவிழ்ந்து பத்தடி தூரம் இழுபட்டது. உள்ளே நின்ற ஓட்டுபவர் கேஸை மூடி, பலூனின் காற்றைத் திறந்துவிட்டார். முழங்கை சிராய்ப்போடு தப்பினார். நாங்கள் நின்றிருந்த பக்கம்தான் அடியில் கிடந்தது.

பலூன் ஏறப் போகிறவர்களே, கயிறு புதிதா, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். காற்று வலுத்தால் ஏறாதீர்கள். யாராவது இறங்கச் சொன்னால், நான் செய்தது போல வாதாடிக்கொண்டிருக்காமல் உடனே இறங்குங்கள்.

நன்றி சொல்லக் கையெடுத்தேன். சேகர் முந்திக்கொண்டார். "தூக்கிப் போடறப்பவே துண்டு துண்டா வெட்டியிருக்கணும்மா. தப்பு என்னுது, மன்னிச்சுக்கோ."

பக்கத்தில் யாழினி அவர் மகளோடு மண்ணில் கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.