வாட்ச்மேனுக்கு லீவு

அவருக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தவர்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வைத்திருக்கமாட்டார்கள்; பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. பகலில் ஒரு கல்லூரி நூலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் சம்பளமில்லாத இன்னொரு வேலை: திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருள். அதன் நிரல் ஊரறியத் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விட முடியாது. வாசலில் இவர் இருந்தார்.

ஆரம்பித்தது மச்சானுக்காக. மனைவியின் அண்ணன், பிறவியிலேயே பார்வை கிடையாது. ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர். மென்பொருள் பேசினால்தான் அவருக்கு வேலை ஓடும். அவரைப்போல இப்போது எத்தனையோ பேர். மனைவிக்கு இதில் பெருமைதான். ஆனாலும் சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள். "எங்கண்ணன் பேரைச் சொல்லிச் சின்ன வீடு வெச்சுக்கிட்ட ஒரே ஆளு நீங்கதான்" என்பாள். சாயங்காலமானால் அவர் அங்கேதான் கிடந்தார் என்பதால் மறுத்துப் பேச வழியில்லை.

சின்ன வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதியவரே தன் திருத்தத்தை உள்ளே சேர்க்கக்கூடாது. இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் போட வேண்டும். சட்டம் போட்டது வாட்ச்மேன்தான். அதைத் தாண்டிப்போக நிர்வாகிக்கு மட்டும் ஒரு பொத்தான் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு என்று வைத்தது. அவருக்கு ஆத்திரமும் அவசரமும் அடிக்கடி வந்தன.

வலது மணிக்கட்டு நரம்பு கெட்டுப்போய் விரல்கள் மரத்தபோது டாக்டர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார். அதே வாரம் சனிக்கிழமை புது வெர்ஷன் வெளியாக வேண்டும். சாவியை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும். பொறுப்பாகச் செய்யக்கூடியவர் ஒரே ஆள்தான், கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற கணக்கு டீச்சர். அந்த அம்மாள் எதையும் சும்மா விடமாட்டார். ஒரு வரி மாற்றினால் ஒன்பது கேள்வி கேட்பார். "இது எதற்கு? சோதித்தது யார்?" வாட்ச்மேனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியிடும் உரிமையை அவரிடம் கொடுத்தார்.

மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கியிருந்தது. கடவுச்சொல் அடிக்கும்போது மென்பொருள் ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொல்லித் தொலைக்கிறது, பக்கத்து மேஜைக்காரனுக்கும் கேட்கிறது என்று ஒரு புகார். கடவுச்சொல் அடிக்கும் பெட்டிக்கு வந்ததும் குரல் அடங்கும்படி நாலு வரி எழுதினார். தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார், நன்றாகத்தான் ஓடியது. "என்னங்க, வண்டி வந்தாச்சு!" என்று மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். பொத்தானை அமுக்கித் தானே உள்ளே சேர்த்துவிட்டு எழுந்தார்.

கை கட்டோடு திரும்பியதும் மனைவி லேப்டாப்பையும் போனையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த டீச்சர் என்ன செய்து வைத்திருக்கிறாளோ! கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். மச்சான் நலம் விசாரிக்க வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"புது வெர்ஷன் வந்துச்சா மச்சான்?"

"இல்லையே மாப்ள. காலைல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவுதான், வாட்ச்மேன் எகிறிவிட்டார். மனைவி வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்து, அதில் டீச்சர் எழுதிவைத்திருந்த குறிப்பைத் தானே வாசித்துக் காட்டினாள்.

"'வெளியீட்டை நிறுத்தியிருக்கிறேன். கடைசித் திருத்தத்தில் இரண்டாவது ஆளின் ஒப்புதல் இல்லை. வாட்ச்மேன் எழுதியது என்பதற்காக விட முடியாது.'"

"பாத்தியா! நான் கட்டுன வீட்டுல எனக்கே கேட்டைச் சாத்துறா!"

"முழுசா கேளுங்க. 'அதனால் நானே சோதித்தேன். கடவுச்சொல் பெட்டியில் குரல் நிற்கிறது, சரி. பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகும் திரும்பி வரவில்லை. உள்ளே நுழைந்தவர் எதையும் கேட்க முடியாது.'"

வாட்ச்மேனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லே கிடையாது. தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு என்றைக்கோ எடுத்துவிட்டிருந்தார். அந்தப் பெட்டியை அவர் கண்ணால்கூடப் பார்க்காமல்தான் சோதித்திருக்கிறார். குரல் அடங்கியதையும் பார்க்கவில்லை, திரும்பாததையும் பார்க்கவில்லை.

"அப்போ இது வந்திருந்தா," என்றார் மச்சான் மெதுவாக, "திங்கக்கிழமை ஆபீஸ்ல நான் ஊமைப் பெட்டி முன்னாடி உக்காந்திருப்பேன். சரி பண்ணணும்னாலும் அது பேசினாத்தானே பண்ண முடியும்?"

வாட்ச்மேன் நினைத்துப் பார்த்தார். மச்சானாவது கூப்பிட்டுத் திட்டுவார். திட்டுவதற்கு ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அந்த நினைப்பு அடங்குவதற்குள்ளேயே இன்னொன்று வந்தது: நடக்கவில்லை. எதுவும் நடக்கவில்லை. ஒருத்தி பார்த்துவிட்டாள். அப்படியே நாற்காலியில் சரிந்தார். "அப்பாடா!" என்று வந்த பெருமூச்சில் மனைவியே பயந்துபோனாள்.

டீச்சர் தவறைத் திருத்தி, வேறொருவரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார். "அந்த ஒப்புதலை நானே போட்டுரட்டுமா?" என்று இடது கையை நீட்டினார் வாட்ச்மேன். மனைவி லேப்டாப்பைக் கொடுக்காமல், நிரலைத் தானே வாசித்துக் காட்டத் தொடங்கினாள். அடைப்புக்குறி திறக்குது, அடைப்புக்குறி மூடுது என்று அவள் படித்த அழகுக்கு மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காமல் கேட்டவர் வாட்ச்மேன் ஒருவர்தான். இரண்டு இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று கேள்வி எழுதச் சொன்னார். டீச்சரின் பதில்கள் வந்த பிறகுதான் ஒப்புதல் போட்டார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். நிர்வாகிக்கான அமைப்புகளை மனைவியைத் திறக்கச் சொல்லி, சட்டத்தைத் தாண்டுகிற அந்தப் பொத்தானை எடுக்கவைத்தார். எடுக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"நிஜமாவா? அப்புறம் உங்களாலயே முடியாதே."

"அதுக்குத்தான்."

மறுநாள் புது வெர்ஷன் வெளியானது. வெளியிட்டவர் என்ற இடத்தில் முதல்முறையாக அவர் பெயர் இல்லை. மச்சான் தன் வீட்டிலிருந்து தங்கையின் போனுக்குக் கூப்பிட்டார்; தன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கடவுச்சொல் அடித்து, போனை அதன் பக்கத்தில் பிடித்தார். அமைதி. பிறகு கரகரத்த குரல் பேசியது: "வணக்கம்."

"பேசுது மாப்ள!"

அன்று மதியம் வாட்ச்மேன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு சாய்ந்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு காதை எங்கேயும் விட்டுவைக்காமல் படுத்திருப்பது அவருக்கே தெரிந்தது. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தாங்க. சின்ன வீட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க."

"அங்க பாத்துக்க ஆள் இருக்கு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நீயே வெச்சுக்கோ."