அக்கா வண்டிக்கு வாய் எந்தப் பக்கம்

கூடப்பிறந்த தம்பி மெக்கானிக். அப்படியிருந்தும் அக்கா தன் காரை ஒரு தடவைகூட அவன் பட்டறைக்குள் கொண்டுவந்து விட்டதில்லை. ஆயில் மாற்றுவதானாலும் சரி, பிரேக் கட்டை தேய்ந்தாலும் சரி, நேரே எதிர்ச்சாரிப் பட்டறைக்குத்தான் போவாள். போகிற வழியில் தம்பி வாசலில் வண்டியை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, "சாப்டியாடா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவன் கண்ணெதிரிலேயே எதிர்ப்பக்கம் ஒடித்துத் திருப்புவாள். அந்த 'சாப்டியாடா'வைக் கேட்டால் அவனுக்கு வயிறு பற்றி எரியும்.

தெருவே அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிடும். எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். படிப்பு கம்மி, வாய் முரடு. "என்ன ஸ்பானர், சொந்த அக்காவே உன்ன நம்ப மாட்டேங்குதே?" என்று டீக்கடையில் எவனாவது சீண்டினால், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஆனால் ஏன் என்று அக்காவிடம் மட்டும் கேட்டதில்லை. கேட்டால் மானம் போய்விடுமாம். வருஷக்கணக்கில் அப்படியே விழுங்கிக்கொண்டு திரிந்தான்.

அப்படிப்பட்ட அக்கா ஒருநாள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி உள்ளேயே வந்துவிட்டாள்.

"டேய், கரண்ட் கார் எடுக்கப் போறேன். பழசுக்கு இந்த மாசத்தோட பெர்மிட் முடியுது."

"கரண்ட் காரா? அது காரே இல்லக்கா. சக்கரம் வச்ச மிக்ஸி."

"இருந்துட்டுப் போகட்டும். அந்த மிக்ஸிக்கு வீட்டுல சார்ஜர் மாட்டணுமாம். எது சரிப்படும்னு பாத்து நீதான் வாங்கி மாட்டித் தரணும்."

'நீதான்' என்றதும் ஸ்பானருக்கு மிக்ஸி, பகை எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அதுக்கென்ன, பாத்துடலாம்" என்றான். கரண்ட் கார் பற்றி அவனுக்கு அட்சரம் தெரியாது. அதை அக்காவிடம் சொல்லுவானா?

"ஒண்ணாந்தேதி திங்கக்கிழமை" என்றாள் அக்கா. "அன்னைக்கு என் வண்டி தயாரா நிக்கணும். இல்லன்னா என் ஆளுங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க வேன் கம்பெனிகிட்ட குடுத்துடுவாங்க."

அவளுடைய ஆட்கள் என்றால் டயாலிசிஸ் நோயாளிகள். அவர்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், ரத்தம் சுத்தம் பண்ணி முடிந்ததும் திரும்ப வீட்டில் விடுவதுதான் அக்காவின் வேலை. வேன் கம்பெனி என்றால் பத்துப் பேரை ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றும். கடைசியில் இறங்குகிறவர் பாடு திண்டாட்டம்தான். அக்காவுக்கும் அறுபது நெருங்குகிறது. இந்த வேலை போனால், இந்த வயதில் புதிதாக யாரும் அவளை ஓட்டுநராக வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மறுநாளே ஸ்பானர் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். "மிக்ஸிக்கு பிளக் வாங்கவா இவ்வளவு அலங்காரம்?" என்று அவன் பெண்டாட்டி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அவன் காதில் வாங்காத மாதிரி செருப்பை மாட்டினான்.

கடையில் சுவர் முழுக்க சார்ஜர்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்று தண்ணீர் ஹீட்டர் மாதிரி இருந்தது, ஒன்று தபால்பெட்டி மாதிரி. விற்பனைக்கு நின்ற பெண்ணிடம், "இருக்கிறதுலயே பெருசு எதும்மா? அதக் குடு" என்றான்.

"பெருசு வாங்கி என்னண்ணே பண்ணப் போறீங்க? வண்டி எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் இழுக்கும். பாட்டில் வாய் சின்னதா இருந்தா, குடத்துல ஊத்துனா என்ன, டேங்கர் லாரியில ஊத்துனா என்ன?"

எஞ்சின் என்றால் பெரிதுதான் உசத்தி என்று பழகியவனுக்கு இது உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது. அந்தப் பெண் விடவில்லை. வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்? வீட்டில் எவ்வளவு நேரம் நிற்கும்? வீட்டு மீட்டர் எவ்வளவு லோடு தாங்கும்? அவன் ஒவ்வொரு சார்ஜரின் விலைச்சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார்ஜ் ஏத்துற வாய் வண்டியில எந்தப் பக்கம் இருக்குன்னாவது சொல்லுங்க. மாடலுக்கு மாடல் மாறும்."

அப்பாடா, தெரிந்த கேள்வி ஒன்று வந்தது. "பின்னாடிதான்மா. டேங்க் வேற எங்க இருக்கும்?"

"இதுல டேங்கே கிடையாதுண்ணே. வண்டி விக்கிறவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

முப்பது வருஷமா வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடக்கிறவனுக்கு இவள் சொல்லித் தருகிறாளா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு வெளியே வந்தான். வண்டி ஓடுகிற தூரத்தையும் நிற்கிற நேரத்தையும் அக்காவிடம் கேட்டால், 'ஒரு மெக்கானிக், இதுகூடத் தெரியாதா' என்பாள். அதனால், "பட்டறையில இன்னைக்கு வேலை இல்ல, சும்மா கூட வரேன்" என்று பொய் சொல்லி, அடுத்த நாள் காலை அவளுடைய பழைய பெட்ரோல் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அக்கா வண்டி ஓட்டுவதை அவன் அதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எந்த வீட்டு வாசலிலும் ஹாரன் அடிக்கமாட்டாள். இறங்கிப் போய், கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று தெருத்தெருவாக அவளுக்கு மனப்பாடம். பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வந்தபோதுகூடத் திட்டவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீ எப்பக்கா இப்படி ஓட்டக் கத்துக்கிட்ட?"

"பிஸ்கட் கம்பெனியில பாக்கிங்ல இருந்தேன்ல. அங்க வேன் டிரைவர் ஒருநாள் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். வேன் நிறைய பொம்பளைங்க, வெளிய மழை. தினமும் முன்சீட்டுல உக்காந்து அவன் காலையும் கையையும் பாத்துட்டு வந்தவ நான். சாவியக் குடுங்கன்னேன்."

"லைசென்ஸ்?"

"அது அடுத்த மாசம் எடுத்தேன்" என்று அவள் சொன்னதும் பின்சீட்டு மொத்தமும் சிரித்தது.

பின்சீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இன்னும் இரண்டு பேர். போகும்போது பேச்சும் சிரிப்புமாக இருந்தவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது துணியாகத் துவண்டு கிடந்தார்கள். அக்கா சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டாள். ஸ்பானருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா இப்படிப் போட்டு வதைக்கிற? ஸ்டார்ட்டர் என்னத்துக்கு ஆகும்?"

பின்னாலிருந்து வாத்தியார்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "எஞ்சின் ஆடினா வயிறு புரட்டுதுப்பா. பெட்ரோல் வாடை வேற. எங்களுக்காகத்தான் அணைக்கிறா."

ஸ்பானர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டான். எஞ்சின் சத்தத்தைச் சங்கீதமாகக் கேட்டுப் பழகியவன். அது இன்னொருத்தருக்கு வாந்தி வரவழைக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே கிடையாது. மிக்ஸி, மிக்ஸி என்று தான் கிண்டலடித்த வண்டியை அக்கா எதற்காக வாங்குகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மத்தியானம் வீட்டு ஷெட்டில் அக்கா வண்டியைப் பின்னோக்கியே ஏற்றினாள். ஷெட் ஒடுங்கல். ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். ஆனாலும் ஒரே மூச்சில் உள்ளே போய், வண்டி மூக்கு தெருவைப் பார்க்க நின்றது. "யாருக்காவது திடீர்னு முடியலன்னு போன் வந்தா, திருப்பிக்கிட்டு நிக்க முடியாதுல்ல?" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் அடுத்த கும்பலை ஏற்றக் கிளம்ப வேண்டுமாம்.

அத்தான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். ஜாக்கெட் ஒன்றுக்குப் பட்டன் வைத்துக்கொண்டே, "மாப்ள, உன் சார்ஜரப் போட்டா என் அயர்ன்பாக்ஸ் அணைஞ்சுடுமா?" என்று கேட்டார்.

"அதையும் பாத்துதான் அத்தான் வாங்கணும்."

சாப்பிடும்போது ஸ்பானருக்கு என்ன தைரியம் வந்ததோ, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டான். "ஏன்க்கா, உன் வண்டிய ஒரு நாளாவது என் பட்டறைக்குக் கொண்டாந்திருக்கியா?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத மனசுல வச்சுக்கிட்டா இத்தன வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

"சொல்லுக்கா."

"எதிர்க்கடைக்காரன் தப்பா வேலை செஞ்சா நடுத்தெருவுல நிக்க வச்சுத் திட்டுவேன். அவன் மறுநாள் பல்ல இளிச்சுக்கிட்டு வணக்கம் வைப்பான். உன்னத் திட்டினா நீ ரெண்டு மாசம் என் வீட்டுப் படி ஏற மாட்ட. எனக்கு மெக்கானிக் எங்க வேணா கிடைப்பான். தம்பிக்கு எங்கடா போவேன்?"

அத்தான் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு மாசமா? ஆறு மாசம்னு சொல்லு." ஸ்பானர் தட்டை நீட்டினான். இன்னும் கொஞ்சம் குழம்பு வேண்டும் என்றான்.

மறுபடி கடைக்குப் போனபோது அவன் பேச்சே வேறு மாதிரி இருந்தது. காலையில் ஒரு நடை, சாயங்காலம் வரை இன்னொரு நடை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டு நேரம் வண்டி வீட்டில் நிற்கும் என்று வரிசையாகச் சொன்னான். "ராத்திரி மட்டும்னா இருக்கிறதுலயே சின்னதே போதும்ணே" என்றாள் அந்தப் பெண். "மத்தியானமும் கொஞ்சம் ஏத்தணும்னா நடுத்தரம் எடுங்க. இதுல கரண்டைக் கூட்டிக் குறைச்சுக்கலாம். வீட்டுல அயர்ன்பாக்ஸ் போடுற நேரம் குறைச்சு வச்சா மெயின் விழாது." அதையே எடுத்தான். சரியானதைத்தான் எடுத்தான். வண்டியின் வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் கடைசிவரை யாரையும் கேட்கவில்லை.

வயர்மேன் வந்து, மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, புதிதாக எர்த் போட்டு, ஸ்பானர் சாக்கட்டியால் கோடு போட்ட இடத்தில் சார்ஜரைப் பொருத்தினான். ஷெட்டின் உள்சுவரில், வண்டியின் பின்பக்கம் வந்து நிற்கிற இடத்தில். ஸ்பானர் தள்ளி நின்று பார்த்துத் தலையாட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் புது வண்டி வந்தது. அக்கா வழக்கம்போல ஒரே மூச்சில் பின்னோக்கி ஏற்றி இறங்கினாள். ஸ்பானர் சார்ஜர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினான். இடதுபக்கம் இல்லை. வலதுபக்கமும் இல்லை. டிக்கிக்குக் கீழே குனிந்து பார்த்தான்.

"என்னடா தேடுற?"

"வாய்."

அக்கா வண்டியின் முன்பக்கம் வந்து, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு மூடியைத் தட்டித் திறந்தாள். "இங்க இருக்கு."

வயரை இழுத்துப் பார்த்தார்கள். முன்சக்கரத்தைத் தாண்டி ஒரு முழம் வந்து, அதோடு நின்றுவிட்டது. அத்தான் வாசல் தூணில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வயர்மேன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், ஸ்பானரை மட்டும் பார்க்கவில்லை.

"விடுடா, நான் இனிமே நேரா ஏத்திக்கிறேன்" என்றாள் அக்கா.

"அப்ப தினம் காலையில ரிவர்ஸ்ல தெருவுக்குப் போவியா? பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க குறுக்க நெறுக்க ஓடுற நேரத்துல? யாருக்காவது முடியலன்னு போன் வந்தா, நின்னு நிதானமாத் திருப்புவியா?" அவன் குரல் ஏறிவிட்டது. "தப்பு என்னோடது. நீ எதுக்கு உன் பழக்கத்த மாத்தணும்?"

அப்படிச் சொன்ன தம்பியை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

ஆனால் நடுவில் ஞாயிறு ஒரு நாள்தான் இருந்தது. வயர்மேன் கையை விரித்தான். நாளைக்கு வேறு இடத்தில் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறானாம். யாரிடமும் தணிந்து பேசிப் பழகாத ஸ்பானர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, உன் வண்டிக்கு ஆயுசுக்கும் நான் வேலை பாக்குறேன். இத மட்டும் கேட் பக்கம் மாத்திக் குடு."

"எனக்கு சைக்கிள்தான்ணே இருக்கு."

"சைக்கிளுக்கும் பாப்பேன்."

வயர்மேன் சிரித்துவிட்டான். "கேட் பக்கம் மழை நேரா அடிக்கும்ணே. ஒரு மறைப்பு வேணும். விடியறதுக்குள்ள அத ரெடி பண்ணுங்க. அங்க போறதுக்கு முன்னாடி வந்து மாட்டிட்டுப் போறேன்."

ஸ்பானர் நேரே பட்டறைக்கு ஓடினான். மூலையில் விபத்தான கார் ஒன்றின் பச்சை பானெட் கிடந்தது. அதை வெட்டி, ஓரம் மடக்கித் தட்டி, விளிம்பில் பழைய ரப்பர் பீடிங்கைச் செருகி, தண்ணீர் வழிந்தோட இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தான். கூரான முனை எங்கும் நிற்காதபடி உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். இவ்வளவு சிரத்தையாக அவன் எந்தப் பணக்காரன் வண்டிக்கும் வேலை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட் தூணுக்குப் பக்கத்தில், பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு சார்ஜர் நின்றது. அக்கா வண்டியைப் பின்னோக்கி ஏற்றினாள். மூக்கும் சார்ஜரும் நேருக்கு நேர் வந்தன. பிளக்கைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பானர் குனிந்து வண்டிமேல் காதை வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலையே. ஏறுதா?"

"ஏறுதுடா. உள்ள வந்து திரையில பாரு."

உள்ளே எட்டிப் பார்த்தான். எண் ஒன்று கூடியது. கொஞ்சம் கழித்து இன்னொன்று கூடியது. வீட்டுக்குள் அத்தான் அயர்ன்பாக்ஸைப் போட்டு, "மாப்ள, மெயின் விழல!" என்று கத்தினார். கடைப் பெண் சொன்னபடி கரண்டைக் குறைத்து வைத்தது வேலை செய்தது.

அதற்குள் அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. வண்டி தயார் என்று அவள் சொன்னதும், பழைய ஆட்களோடு புதிதாக ஓர் அம்மாவையும் அவளிடமே விட்டார்களாம். வேன் கம்பெனிக்காரன், 'மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, எங்களால ஆகாது' என்று கைகழுவிய ஆளாம்.

"நீ சரின்னுட்டியா?" என்றான் ஸ்பானர். "மூணு மாடி எப்படிக்கா எறக்குவ?"

"நாற்காலியில உக்கார வச்சு எறக்கணும். ஒரு பக்கம் அந்தம்மாவோட மகன் பிடிச்சுக்குவான்." அக்கா வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "திங்கள், புதன், வெள்ளி, பட்டறை திறக்குறதுக்கு முன்னாடி வந்துடு. இன்னொரு பக்கம் நீ பிடிக்கணும்டா."