சாரல் பார்த்துக்கொள்ளும்

"நான் உசுரோட இருக்கும்போது சொல்லாதலே," என்றார் கிதிர் முகம்மது. "நான் செத்தப்புறம் மையத்தைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு போவியள்லா, அங்கன தொழுகைக்கு முன்னால மன்னிப்புக் கேப்பிய. அப்போ சொல்லிரு."

மகன் முஃபீத் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். அந்த மூன்று வாக்கியத்துக்கும் வாப்பா நாலு தடவை மூச்சு வாங்கியிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் சிமெண்டுத் தூசியைத் தின்ற நெஞ்சு அது. சொல்ல வேண்டிய விஷயம் இதுதான்: ரியாத்தில் வேலை பார்க்கிற அஹ்சனுக்கு வல்லத்தில் கட்டிக்கொடுத்த வீட்டின் மட்டப்பா, அதாவது மேல்தளம், சரியில்லை. நடு அறையின் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ பாளம் பாளமாக விழும். அது தெரிந்தே அவர் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வேறு யாரைப் பற்றியாவது இதைச் சொல்லியிருந்தால் முஃபீத் நம்பியிருப்பான். கிதிர் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னால் தென்காசியில் நாய்கூட நம்பாது. அவருக்கு போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. மேலகரம், இலஞ்சி, வல்லம், குற்றாலம் என்று அறுபது வீட்டுக்கு மேல் கட்டியிருந்தார். பாதி வீட்டுக்காரர்கள் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள். "மாமா, நீங்க பாத்துக்கிடுங்க" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து வந்து குடியேறுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கிற மனிதர். "நீங்க மாப்பிள்ளை பாக்க வந்தியளா, வெடிப்பு பாக்க வந்தியளா" என்று மனைவி சைதூன் பீவி முழங்கையால் இடிப்பாள்.

வீட்டைப் பொறுத்தவரை அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். மத்தியானச் சோறு வீட்டில். மத்தியானம் வந்து போக முடியாத தூரத்தில் வேலை பிடிக்கவே மாட்டார். கொல்லத்திலிருந்து ஒரு பெரிய வேலை வந்தபோது, "அங்கன போனா எம்புள்ளைய யாரு கூட சாப்பிடும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகள் பாஹிமாவுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பத்தாம் வகுப்பு வரைக்கும் எடுத்துக் கொடுத்தார். "இவளக் கட்டிட்டுப் போறவன் முள்ளு எடுப்பானா?" என்று சைதூன் பீவி கேட்டால், "எடுக்கத் தெரிஞ்சவனாப் பாத்துக் கொடுப்போம்" என்பார். பொம்பளைப்பிள்ளைக்கு இவ்வளவு செல்லம் ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு எங்கே சறுக்கியது என்றால், சாரலில் சறுக்கியது.

கான்கிரீட் போட்ட மட்டப்பாவை முதல் இரண்டு வாரம் காயவிடக் கூடாது. சுற்றிலும் சின்ன வரப்பு கட்டி, வயலில் நிறுத்துவதுபோலத் தண்ணீர் நிறுத்துவார்கள். வெயில் ஊரில் யாரும் இதில் விளையாட மாட்டார்கள். ஆனால் தென்காசிப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு ஆனி, ஆடியில் ஒரு சலுகை உண்டு. மலையிலிருந்து சாரல் இறங்கிவிட்டால் ராத்திரி பகல் என்று இல்லாமல் பொசுபொசுவென்று நனைத்துக்கொண்டே இருக்கும். துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது. அப்புறம் மட்டப்பாவில் எதற்கு வரப்பு? "சாரல் பாத்துக்கும்" என்று கிளம்பிவிடுவார்கள். எத்தனையோ வருஷம் சாரலும் பார்த்துக்கொண்டது. அந்த நம்பிக்கையில் தப்பு சொல்லவும் முடியாது. வேற்றூர்க்காரன் செய்யத் துணியாத தப்பை உள்ளூர்க்காரன் செய்வது இப்படித்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அஹ்சன் வீட்டுக்கு மட்டப்பா போட்ட மறுநாள் பாஹிமாவுக்கு வலி கண்டது. முதல் பிரசவம், மாதமும் நிறையவில்லை. தென்காசியில் கையை விரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். கிளம்பும்போது கிதிர் முகம்மது வானத்தைப் பார்த்தார். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. வரப்பு கட்டவும் சொல்லவில்லை, வேறு ஆளிடம் பொறுப்பு ஒப்படைக்கவும் இல்லை. போய்விட்டார்.

பிள்ளை தங்கவில்லை. பாஹிமா பிழைப்பாளா என்று தெரிவதற்கே எட்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார். மட்டப்பா என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. அவர்கள் போன மறுநாளே சாரல் நின்றுவிட்டது. வெயிலும் காற்றுமாகப் பத்து நாள் காய்ச்சி எடுத்தது. அந்த வருஷம் குற்றாலத்து அருவியில்கூடத் தண்ணீர் நூலாக விழுந்தது என்று சீசன் கடைக்காரர்கள் புலம்பினார்கள். திரும்பி வந்து ஏணியில் ஏறிப் பார்த்தபோது மட்டப்பா முழுக்க வெடிப்பு ஓடியிருந்தது.

இடித்துவிட்டு மறுபடி போட்டிருக்க வேண்டும். அதுதான் நியாயம், அவருக்கும் தெரியும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். பதில் சொன்னால், பிள்ளையை அடக்கிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற மகளின் காதுக்கு அது போகும். "என்னாலதான் வாப்பா பேரு கெட்டுது" என்று அவள் நினைப்பாள். மேஸ்திரி வெடிப்பை அடைத்து, மேலே ஓடு பதித்து, கீழே வழுவழுவென்று பூசிவிட்டார். ரியாத்திலிருந்து வீடியோவில் பார்த்த அஹ்சன், "மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றான்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் அவர் வல்லத்துக்குப் போய் அந்த மட்டப்பாவில் ஏறுவார். சிமெண்டுப் பால் கரைத்து ஓட்டு இடுக்கில் ஊற்றுவார். கூலி வாங்க மாட்டார். அஹ்சனின் மனைவி முஹ்ஸினா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். கட்டின வீட்டை மறக்காத மேஸ்திரி என்று அவருக்கு இன்னும் பேர் கூடியது. திருடிய வீட்டிலேயே நல்ல பேர் வாங்குவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத்தான் தெரியும்.

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் போறது," என்றார் முஃபீதிடம். "அந்தப் பொண்ணு டீயக் கொண்டாந்து கையில கொடுத்துரும். குடிச்சுட்டு வந்துருவேன்."

"இப்போ நான் சொல்லணுமாக்கும்," என்றான் முஃபீத். அவனுக்குக் கோபம் வந்தது. தென்காசி பஜாரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கிதிர் மேஸ்திரி மகன் கடை என்றுதான் பாதிப் பேர் வருகிறார்கள்.

"பாஹிமா பேரு மட்டும் வரக் கூடாது. எனக்கு வாக்குக் கொடு."

கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

பிறகு ஆறு நாள்தான் இருந்தார். ஆனி மாத வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசலில் மையத்தை வைத்தார்கள். நடக்க இடமில்லாத கூட்டம். லீவில் வந்திருந்த அஹ்சன் மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தோளில் சுமந்து வந்து, முதல் வரிசையில் நின்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொழவைக்கிற ஹஜ்ரத் முஃபீதைக் கூப்பிட்டார். இறந்தவருக்காக அவர் பிள்ளை எழுந்து ஜமாஅத்திடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

முஃபீத் எழுந்தான். முன்னால் வெள்ளைத் துணியில் வாப்பா. "எங்க வாப்பா யாருக்காவது கொடுக்கவேண்டியது இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுங்க. யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, யாருக்காவது தெரிஞ்சோ தெரியாமலோ..." அதற்கு மேல் வரவில்லை. அடுத்த வார்த்தை 'வல்லம்' என்று இருந்திருக்க வேண்டும். அவன் அஹ்சன் முகத்தைப் பார்த்தான். "...அல்லாவுக்காக மன்னிச்சிருங்க" என்று முடித்துவிட்டான். "மன்னிச்சிட்டோம்" என்று கூட்டம் சொன்னது. அஹ்சன் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. துக்கத்தில் கத்தியே சொன்னான்.

மையவாடியில் குழிக்குள் முஃபீத் மூன்று பிடி மண் போட்டான். வாப்பா கேட்டது ஒரே ஒரு காரியம், அதைக்கூடச் செய்யவில்லை என்று நினைத்தான். உடனே, எழுபது வயசு ஹாஜியார்களும் அழுகிற இடத்தில் பெற்ற பிள்ளை நின்று அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டாரே, அது என்ன நியாயம் என்றும் நினைத்தான். இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன. சனிக்கிழமை தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் கடைப் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டு வல்லத்துக்கு வண்டியை விட்டான்.

அஹ்சன் வாசலுக்கே வந்து தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். முஹ்ஸினா டீ கொண்டு வந்தாள். முஃபீத் டம்ளரைத் தொடவில்லை. தொட்டால் வாப்பா மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான்.

"அண்ணே, நடு ரூம்ல யாரு படுக்கா?"

"பிள்ளைய ரெண்டும் இவளும்தான். ஏன் கேக்க?"

முஃபீத் சொன்னான். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பத்து நாள் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது, வெடித்தது, ஓடு பதித்து மறைத்தது, வருஷா வருஷம் வந்தது, கம்பி துருப்பிடித்தது. அஹ்சன் எழுந்து போய் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தான். நடு அறையில் நின்று, மின்விசிறிக்குப் பக்கத்தில் தட்டினான். டொப்பு டொப்பு என்று பொள்ளல் சத்தம் வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினான். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பாளம் பெயர்ந்து மெத்தைமேல் விழுந்தது. உள்ளே கம்பி செங்காவி நிறத்தில் ஊதிப்போய்த் தெரிந்தது. முஹ்ஸினா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிள்ளைகளின் தலையணைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"நான் இடிச்சுப் புதுசாப் போட்டுத் தந்துருதேன், அண்ணே. என் பொறுப்பு."

"வேண்டாம்ப்பா. உங்க வீட்டுக் கை இங்கன பட்டது போதும்."

அஹ்சன் குனிந்து மெத்தைமேல் கிடந்த சிமெண்டுக் கட்டியை எடுத்துப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல," என்றான் அஹ்சன். குரல் இறங்கியிருந்தது. "மாமா அப்படிப்பட்ட ஆளு இல்ல. பத்து நாளு ஏன் திரும்பிப் பாக்கல? ஏதாவது காரணம் இருக்கும்லா? அதச் சொல்லு. நாயமான காரணம்னா நான் ஏத்துக்கிடுதேன்."

அவன் கேட்டது கெஞ்சுவதுபோல இருந்தது. காரணம் முஃபீதின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்த மனிதன் இப்போதே வாப்பாவை மன்னித்துவிடுவான், ஒருவேளை அழவும் செய்வான். நாளைக்கு முஹ்ஸினா ஆறுதல் சொல்கிறேன் என்று பாஹிமாவைப் பார்க்க வருவாள். பாஹிமாவுக்கு இந்த ஏழு வருஷத்தில் இரண்டாவது பிள்ளையும் பிறக்கவில்லை. பிள்ளைப்பேற்றை யார் பேசினாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள். அவள் தலையில் இந்த மட்டப்பாவையும் ஏற்றிவைப்பதா?

"காரணம் என்ன, சோம்பல்தான்," என்றான் முஃபீத். "சாரல் இருக்கே, பாத்துக்கிடும்னு விட்டுட்டாக."

ஒரு நாளும் வேலைக்கு மட்டம் போடாத வாப்பாவுக்கு அவன் தன் வாயாலேயே இப்படி ஒரு பேர் வைத்தான்.

அஹ்சன் ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாத்தினான். "பள்ளியில வச்சு நீ மன்னிப்புக் கேட்டபோது நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்லா. எதுக்குன்னு தெரியாமச் சொன்னது அது. என் பிள்ளைய தலைக்கு மேல இத வச்சிட்டு, என் வீட்டு டீயும் வாங்கிக் குடிச்சிருக்காரு. நான் சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிடுதேன், முஃபீதே. மறுமையில அவரும் நானும் பேசிக்கிடுதோம்."

முஃபீத் தலையை ஆட்டினான். செருப்பை மாட்டத் தெரியாமல் இரண்டு தடவை காலை மாற்றி விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது பாஹிமா வாசல் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். வல்லத்துப் பக்கம் அவன் வண்டியைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அஹ்சன் அண்ணன் வீட்டுக்கா போயிருந்த? அன்னைக்குப் பள்ளியில அப்படி அழுதாகளாமே. வாப்பாவப் பத்தி என்ன சொன்னாக?"

"நல்லவிதமாத்தான் சொன்னாக," என்றான் முஃபீத்.

"சொல்லாம எப்படி இருப்பாக," என்று சொல்லி, பாஹிமா மடக்கிய நாற்காலியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.