என் தோளில் பார்த்த அளவு

எனக்குப் பத்து வயதில் ஒரு துப்பாக்கி வாங்கினார்கள். எனக்கு வாங்கவில்லை. என்னை வைத்து வாங்கினார்கள்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. துபாயில் வளர்ந்த பெண் என்றால் ஏசி அறை, இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை கடற்கரை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. பள்ளிக்கூடம் உண்மை. ஏசியும் உண்மை, அது எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். மற்றபடி நாங்கள் மூன்று பேரும் ஓர் அரபி வீட்டின் வெளிக் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா அந்த வீட்டு டிரைவர். அம்மா சமையல். சிவகங்கைப் பக்கத்திலிருந்து முதலில் அப்பா வந்தார், பிறகு அம்மா, கடைசியில் நான். வீட்டு டிரைவருக்குக் குடும்பத்தை வைத்துக்கொள்ள விசா கிடைப்பது குதிரைக்கொம்பு. எஜமானர் யாரையெல்லாமோ பிடித்து எனக்கு வாங்கிக் கொடுத்தார். அவர் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம் அது. கழுத்தில் கட்டிய கயிறும் அதுதான். ஒரு நாள் அவர் ‘கலாஸ்’, முடிந்தது, என்று சொல்லிவிட்டால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எஜமானரை பாபா என்றும் எஜமானியை மாமா என்றும் கூப்பிட வேண்டும். அந்த ஊரில் வேலைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் மாமா என்றால் மீசை வைத்திருப்பார். இந்த மாமா தங்க வளையல் போட்டுக்கொண்டு, தலைவலி என்று திரையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பாள். முதல் வருடம் எனக்கு அது பெரிய வேடிக்கை.

பாபாவுக்கு என் வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் போட்டுக் கழித்த டீ சர்ட், பேன்ட், ஷூ எல்லாம் எனக்கு வரும். தைத்து வைத்தது போலப் பொருந்தும். பெண்பிள்ளைக்குப் பையன் உடுப்பா என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. “ரெண்டு பேருக்கும் ஒரே அளவு” என்று அம்மா மாமாவிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு பாபாவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

குளிர்காலம் வந்தால் பாபாவும் அவருடைய அண்ணனும் கடல் தாண்டி எங்கேயோ பறவை வேட்டைக்குப் போவார்கள். அந்த வருடம் பையனையும் கூட்டிப்போவதாக முடிவாயிற்று. வேட்டைக்குப் போகிறவனுக்குச் சொந்தத் துப்பாக்கி வேண்டுமாம். பெருநாள் அன்று அவன் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து கையில் கொடுக்க வேண்டும், அதுவரை அவனுக்குத் தெரியக்கூடாது என்று பாபா ஆசைப்பட்டார். ஆனால் துப்பாக்கியும் சட்டை மாதிரிதான். கை நீளத்துக்கு, தோளுக்குத் தோதாக இருக்க வேண்டும். பையனைக் கடைக்குக் கூட்டிப்போனால் விஷயம் தெரிந்துவிடும். அதே அளவில் கேட்டருகே ஒன்று சும்மா இருந்தது.

அப்பா அறைக்குள் வந்து, “அளவு பாக்கணுமாம்த்தா, கிளம்பு” என்றார். என்னை எப்போதும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அளவு என்றதும் எனக்கு சத்வா கடைத்தெருவிலிருக்கும் தையற்கடைதான் நினைவுக்கு வந்தது. தீபாவளிக்கு அம்மா அங்கேதான் துணி கொடுப்பாள். பாபாவே எனக்குப் பெருநாளுக்குப் பாவாடை தைத்துக் கொடுக்கப்போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். என்ன நிறம் கேட்பது என்று வண்டியில் யோசித்துக்கொண்டே வந்தேன். சத்வா திருப்பம் தாண்டிப் போயிற்று. அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாபா முன் சீட்டில் இருந்தார்.

கடைக்காரர் தாடி வைத்த ஒரு பாகிஸ்தான் பட்டாணி. சுவர் முழுக்கத் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைக்கா என்று இந்தியில் கேட்டார். பாபா விஷயத்தைச் சொன்னார். துப்பாக்கி பிடிக்கப்போகிறவன்தான் வர வேண்டும், ஆளுக்கு ஆள் கண்ணும் கன்னமும் வேறு என்று பட்டாணி சொல்லிப்பார்த்தார். வாங்குகிறவர் பேச்சுக்கு மேல் விற்கிறவர் எவ்வளவு பேச முடியும்? என் கையை மடக்கச் சொன்னார். துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கச் சொன்னார். கட்டை குளிர்ச்சியாக, புது மேசை மாதிரி மணத்தது. நான் பாவாடையை மறந்துவிட்டேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று இருபது போர், சின்னது. இன்னொன்று பன்னிரண்டு போர், பெரியது. இந்தக் கணக்கில் எண் குறைந்தால் குழல் பெருக்கும், உதையும் கூடும். பிள்ளைகளுக்கு இருபதுதான் என்று பட்டாணி சொன்னார். கடைக்கு வந்திருந்த பாபாவின் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளை முதலிலேயே ஆம்பளைத் துப்பாக்கியில் பழக வேண்டும், இருபது பெண்களுக்கானது என்றார். பாபா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணன்தான் சொன்னார், இதில் வாதம் எதற்கு, என் பண்ணையில் இரண்டு வகையும் இருக்கிறது, இந்தப் பெண்ணைச் சுடச் சொல்லிப் பார்த்துவிடலாம்.

அப்போது அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். தன் உடைந்த இந்தியில், பாபா, இவள் பெண்பிள்ளை என்றார். பாபா சிரித்தார். பத்து வயதுத் தோளில் ஆண் என்ன, பெண் என்ன என்றார். அது நியாயமான பேச்சு போலத்தான் இருந்தது. பாபா பேசுவதெல்லாம் அப்படித்தான் இருக்கும். அவர் நல்லவர் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தன் பிள்ளையின் தோள் நோகுமா என்று தெரிந்துகொள்ள அடுத்தவன் பிள்ளையின் தோளில் வைத்துப் பார்க்கிறவனுக்கு நல்லவன் என்று பெயர் என்றால், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பண்ணை மணலுக்கு நடுவில் இருந்தது. ஒரு காலி பெயிண்ட் டப்பாவை மணல் மேட்டில் வைத்தார்கள். முதலில் இருபது. எப்படி நிற்பது, எப்படி அழுத்துவது என்று பாபாவின் அண்ணன், அந்தப் பெரியவர், காட்டினார். அழுத்தினேன். யாரோ கையை ஓங்கித் தோளில் குத்தியது போல இருந்தது. காது அடைத்துப்போனது. டப்பா அசையவே இல்லை. ஆனாலும் பாபா கை தட்டினார். வலிக்கிறதா என்று குனிந்து கேட்டார்.

“மாஃபி” என்றேன்.

இல்லை என்று அர்த்தம். பத்து வயதுப் பிள்ளை, கை தட்டுகிறவர்கள் முன்னால் வேறென்ன சொல்லும்? பெரியவர் தம்பியைப் பார்த்து, நான் சொன்னேனே, வேலைக்காரன் மகளே மாஃபி என்கிறாள், உன் மகனுக்கு என்ன என்று கேட்டார். பன்னிரண்டை எடுத்துவந்தார்.

அப்பா கிட்டே வந்தார். நான் சுட்டுக் காட்டுகிறேன் பாபா, எவ்வளவு உதைக்கிறது என்று சரியாகச் சொல்கிறேன் என்றார். உன் தோள் லாரி டயர், அதில் என்ன தெரியும் என்று பெரியவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு என் பின்னால் வந்து முதுகைத் தாங்கிக்கொண்டார். பெரியவர் விரலை ஆட்டினார். தாங்கிப் பிடித்தால் எப்படித் தெரியும்? அப்பா கையை எடுத்தார். ஓரடி தள்ளி நின்றார்.

துப்பாக்கி கனத்தது. குழல் தாழ்ந்துகொண்டே போனது. கட்டை தோளில் சரியாகப் பதியாமல் கழுத்துப் பக்கம் நழுவியிருந்தது. அழுத்தினேன். சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. மணலில் மல்லாந்து கிடந்தேன். வாய்க்குள் மணல். வலது கையைத் தூக்க முடியவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது.

பாபா ஓடிவந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். மிஸ்கீன், மிஸ்கீன், பாவம் என்று தலையைத் தடவினார். பிறகு நிமிர்ந்து அண்ணனிடம், “கலாஸ், இருபது” என்றார். முடிவாகிவிட்டது.

அப்போதுதான் அப்பா கத்தத் தொடங்கினார். என் பக்கத்தில் மண்டியிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்து, தமிழில் கத்தினார். அப்படி ஒரு வசவை நான் கேட்டதே இல்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. எச்சில் என் முகத்தில் தெறித்தது. வலியில் அழுதுகொண்டிருந்த நான் பயத்தில் அழுகையை நிறுத்திவிட்டேன். அவன் என்ன சொல்கிறான் என்று பெரியவர் கேட்டார். அப்பா இந்தியில், ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை என்று திட்டுகிறேன் சாப் என்றார். பாபாவுக்கு மனம் பொறுக்கவில்லை. ஹராம், சின்னப் பிள்ளை, திட்டாதே என்று அப்பாவைக் கண்டித்தார்.

திரும்பி வரும்போது என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அப்பா வேகமாக ஓட்டினார். ரேடார் இருக்கிறது, மெதுவாகப் போ என்றார் பாபா. அப்பா மெதுவாகப் போனார். வழியில் நிறுத்தச் சொல்லி எனக்கு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார் பாபா. கிளினிக்கில் டாக்டர் கேட்டபோது, சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார். அப்படிச் சொல் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே சொன்னார். அதை மட்டும் நான் அவருக்கு இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெருநாளுக்குப் பையனுக்குத் துப்பாக்கி கிடைத்தது. இருபது போர், அடிக்கட்டையில் தடிமனான ரப்பர் வேறு ஒட்டியிருந்தார்கள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறை வாசலுக்கு வந்து காட்டினான். கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று இங்கிலீஷில் சொன்னான். இதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான் என்று கட்டுப்போட்ட கையோடு பெருமையாகச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

அந்த நாட்களில் அப்பாவோடு நான் பேசுவதில்லை. தட்டில் சோறு வைத்தால் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். ஆத்தா, ஆத்தா என்று பின்னாலேயே வருவார். நான் திரும்ப மாட்டேன். கீழே விழுந்ததற்கு அத்தனை பேர் முன்னால் திட்டியவர், அறைக்கு வந்து கொஞ்சினால் ஆயிற்றா?

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பெரிய வீட்டு அடுப்படியில் கறி தாளித்துக்கொண்டே, அப்படி என்னதான் திட்டிவிட்டார் என்று கேட்டாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாக இருந்தது. அப்பா கத்தியது போலவே கத்திக் காட்டினேன்.

“அறிவிருக்காடா ஒனக்கு? பச்சப்புள்ள தோளுல வச்சா வெடிச்சுப் பாப்ப? நீயும் ஒரு புள்ளயப் பெத்தவன்தானடா, நாயே.”

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“என்னை டா போட்டுத் திட்டினாரும்மா” என்றேன். “நாய்ங்கிறாரு. நான் எந்தப் புள்ளயம்மா பெத்தேன்?”

அம்மா எட்டி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். அடுப்பை அணைத்தாள். எனக்காக அப்பாவிடம் சண்டைக்குப் போகப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னொருக்கா சொல்லு” என்றாள். “மெதுவாச் சொல்லு.”

சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இவளும் அவர் கட்சிதான் என்று அன்றிலிருந்து அம்மாவோடும் பேச்சை நிறுத்திவிட்டேன்.