கவர்னர் அடித்த ஐம்பது விசில்

டெமராரா ஆற்றங்கரை அரிசி ஆலைக் காவலாளி சீகோபினைத் தனியாகப் பார்த்தவர் ஒருவருமில்லை. கையில் எப்போதும் ஒரு மரக்கூண்டு, அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி. பெயர் கவர்னர். ஊர்ச் சத்தம் பழகாத குருவி பாட்டுப் பந்தயத்தில் வாயைத் திறக்காதாம். அதனால் மினிபஸ்ஸில் கவர்னருக்கு ஜன்னலோர இடம். மனைவி சுக்தாய் மடியில் பூசணிக்காயோடு பின்னால் நசுங்கிக்கொண்டு வருவாள்.

"பாவமில்லையாண்ணே?" என்று யாராவது கேட்டால் போதும், மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பாவமா? ராஜா மாதிரி வாழறான்யா! சந்தோஷம் இல்லாமலா பாடுறான்?"

அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் பெட்டைக் குருவியைச் சமையலறைக்குப் பின்னால் துணி போட்டு மூடிவைத்திருந்தார். அதன் குரல் மட்டும் இவனுக்குக் கேட்க வேண்டும், முகம் தெரியக் கூடாது. ஏக்கம் முற்றினால்தான் விசில் பிய்த்துக்கொண்டு வருமாம். என்ன கரிசனம் பாருங்கள்!

மகளின் நிச்சயதார்த்தத்தன்று காரின் முன்சீட்டில் கவர்னர் ஏறிக்கொண்டார். பின்னால் சொந்தக்காரர்கள். "நீ அடுத்த நடைக்கு வா" என்றார் சீகோபின், புதுப்புடவையோடு நின்ற சுக்தாயிடம். அவள் வந்தாள், மகளை வாழ்த்தினாள், அங்கிருந்தே பெர்பீஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை கூண்டு இல்லாம வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா அதோடயே குடும்பம் நடத்துங்க."

ஞாயிற்றுக்கிழமைதான் பந்தயம். சீகோபினுக்கு ரொட்டி கருகியது, வீடு வெறிச்சோடியது. அவள் தலையணையைப் பார்த்து அழுதார், பொய்யில்லை. தினமும் அவளுக்குப் போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் கால் பந்தயத் திடலுக்குத்தான் போனது. முதலில் ஜெயிப்போம், அப்புறம் பெர்பீஸுக்கு ஓடுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு கூண்டுகளைக் கம்பத்தில் அருகருகே மாட்டினார்கள். முதலில் ஐம்பது விசில் அடிக்கும் குருவிக்கு வெற்றி. நடுவர் சிலேட்டில் கோடு கோடாகப் போட, கவர்னர் தொண்டை கிழியக் கத்தினான். எதிரி முப்பத்தெட்டில் நிற்க, இவன் ஐம்பதைத் தொட்டுவிட்டான்.

தோற்ற குருவியின் சொந்தக்காரர் பிசேசர் சும்மா போவாரா? "பொண்டாட்டி போனது உனக்கு, பாடுறது உன் குருவியாய்யா!"

திடலே சிரித்தது. சீகோபின் காதில் எதுவும் விழவில்லை, போனை எடுத்து அவளை அழைத்தார். அதிசயமாக அவளும் எடுத்தாள்.

"சுக்தாய்! அம்பது அடிச்சிட்டான்டி!"



"அம்பது தடவ கூப்பிட்டிருக்கான். எவளாவது வந்தாளாங்க?"

போனை வைத்துவிட்டாள். சீகோபின் மறுபடி அழைத்தார். அதற்குப் பிறகும் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.