அண்ணி போட்ட குளியலறைத் தளம்

தார் ஷீட்டைக் கையில் வாங்கி, புடவை மடிப்பதுபோல அதன் மூலையை மடித்தாள் அண்ணி. சடக்கென்று விரிசல் விட்டது. செங்கல்பட்டில் குழாயும் சிமெண்டும் விற்கும் ஒரு பாயின் கடை அது. "இன்னாம்மா, பொடவைக் கடைன்னு நெனச்சுகினியா?" என்று பாய் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அடுத்து வந்த மெல்லிய கறுப்பு பாலிதீனைச் சாவியால் ஒரு கீறு கீறினாள், பிளந்துகொண்டது. கடைசியில் பாய் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் கனமான பிவிசி ஷீட் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மடித்தாள், கீறினாள், செருப்புக்காலால் மிதித்துக்கூடப் பார்த்தாள். அது அசையவில்லை. "இதான் பாய். ஒரே துண்டாக் குடுங்க, ஒட்டுப்போட்டது வேணாம்" என்றாள். டைல்ஸுக்கு அடியில் புதைந்து, ஒருத்தர் கண்ணிலும் படப்போகாத சாமானுக்கு இத்தனை பரீட்சையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணி என் பெரிய அண்ணனின் மனைவி. அண்ணன் தவறிப்போன பிறகு, மாமல்லபுரத்து மாடிவீட்டின் நாலு ரூம்களை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுத் தனியாகவே பிழைத்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. மாடிக் குளியலறை ஒழுகி, நேர் கீழே இருந்த ரூமின் கூரையெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. வீடு இன்னும் கூட்டுப் பட்டாவில் இருந்ததால் மதுராந்தகத்துச் சின்ன அண்ணன் பேச்சுக்கு எடை அதிகம். டிசம்பர் சீசனுக்குள் ஒழுகல் நிற்காவிட்டால் வீட்டைச் சிலைக்கடைக்காரருக்கு லீசுக்கு விட்டுவிடுவது, அண்ணி அவன் குடும்பத்தோடு வந்து இருந்துவிடுவது என்று முடிவே கட்டிவிட்டான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவளிடமே சொன்னேன், அந்த வெட்கத்தை இன்றும் மறைக்க மாட்டேன். அண்ணி கோபப்படவில்லை. "நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா அந்த வூட்ல நான் எந்த மூலைல உக்காருவேன், நீயே சொல்லு" என்றாள். நான் சொன்னதற்குப் பரிகாரமாகத்தான் லீவு போட்டுவிட்டு அவளோடு கடைக்குப் போனேன்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் இருவர் மடியிலும் அந்த உருளை கிடந்தது. "இன்னாம்மா, பாயா?" என்று கண்டக்டர் கேட்டார். "ஆமா, தண்ணிக்குப் பாய்" என்றாள் அண்ணி. மறுநாள் மேஸ்திரி வந்தார், பழைய தரையைப் பெயர்த்து, தண்ணீர் வடியும் ஜாலியைப் பார்த்துச் சரிவு கொடுத்துப் பூசினார். பூச்சு காய்ந்ததும் ஷீட்டை விரித்தார்கள். சுவரோரம் ஒரு ஜாண் உயரம் ஏற்றினார்கள். மூலைகளில் மேஸ்திரி கத்தரியை எடுத்ததும் அண்ணி பாய்ந்து தடுத்தாள். நோட்டுக்கு அட்டை போடுவதுபோல மூலையை மடித்துச் செருகி அவளே காட்டினாள். வடிகுழாய் வாயில் மட்டும் வட்டமாக அறுத்து, கோந்து தடவி, விளிம்பை இறுக்கி அமுக்கினார்கள். பிறகு குழாயைத் துணியால் அடைத்து, நாலு விரல் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கவும் இல்லை, கீழேயும் கசியவில்லை. பாயசம் வைத்தாள் அண்ணி.

மறுநாள் காலை மாடியில் டக் டக்கென்று சத்தம். ஓடிப் பார்த்தால், தண்ணீரை வடித்துவிட்டு மேஸ்திரி உளியால் ஷீட்டைக் கொத்திக்கொண்டிருக்கிறார்! பழைய தரையைக் கொத்திவிட்டால்தான் மேல்பூச்சு பிடிக்கும் என்பது எங்கள் பக்கத்துக் கொத்தனார்களின் ரத்தத்தில் ஊறிய பாடம். "வழவழன்னு கீதும்மா, டைல்ஸ் எப்டி புடிக்கும்? அதான் லேசா கொத்தி வுட்டேன்" என்றார் அப்பாவியாக. லேசாவாம்! ஷீட் இட்லித் துணிபோல ஆகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீசனுக்கு மூன்று வாரம்கூட இல்லை. விஷயம் தெரிந்ததும் சின்ன அண்ணன் போனில், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மன்னிக்க ரொம்ப நாளாயிற்று.

அண்ணி மேஸ்திரியைத் திட்டவில்லை. முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, மறுபடி செங்கல்பட்டு பஸ் ஏறினாள். இரண்டாவது ஷீட் விரித்த அன்று மேஸ்திரியின் உளியையும் சுத்தியலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாத்த, கலவை ஷீட்டைப் புடிக்க வேணாம். ரெண்டு விரல் கனத்துக்கு அதும்மேல உக்காந்தா போதும். டைல்ஸு கலவையைப் புடிச்சுக்கும்." மேஸ்திரி தலையைச் சொறிந்தார், யோசித்தார், "அட, ஆமா இல்ல" என்றார். அதன் பிறகு அவர் செய்த வேலை தங்கமான வேலை. இந்த முறை மூன்று நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். அப்புறம்தான் கலவையும் டைல்ஸும்.

இப்போது என் சென்னை ஃப்ளாட்டில் மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகினால் அசோசியேஷன் மீட்டிங் போட்டு மூன்று மாதம் பேசுகிறோம். அண்ணி மீட்டிங் போடவில்லை, விருந்து போட்டாள். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சின்ன அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கீழ் ரூமின் கூரைக்குப் புதிதாக வெள்ளை அடித்து, பழைய கறை இருந்த இடத்துக்கு நேர் கீழே அவனுக்கு இலை போட்டாள். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, மிளகு ரசம். அவன் ஒரு வாய் சாப்பிடுவான், மேலே பார்ப்பான். இன்னொரு வாய், மறுபடி மேலே. எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, தொட்டி நிரம்புகிறது போலும் என்று நான் நினைத்தேன். மோர்சாதம் வரைக்கும் இலையில் ஒரு சொட்டு விழவில்லை.

கை கழுவிவிட்டு வந்தவன் விடாப்பிடியாகச் சொன்னான்: "காஞ்ச தரை எப்டி ஒழுகும் அண்ணி? ஆள் வந்து குளிக்கட்டும், அப்ப பாக்கலாம்."

"வந்தாச்சு தம்பி" என்றாள் அண்ணி, வெற்றிலையை நீட்டியபடி. "வெள்ளைக்காரப் புருஷன் பொண்டாட்டி. நீங்க இலைல உக்காந்ததுலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குளிச்சுகினுதான் கீறாங்க."