வெயிலில் பிடித்துப் பார்த்த காது

தம்பி பெண்டாட்டி பிரசவித்த ஐந்தாம் நாள் போய்விட்டாள். பெண் குழந்தை. அதை என் மடியில் போட்டுவிட்டுத் தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் அவன் வீட்டில் ஒண்டியிருந்தவள் நான். இது இனி என் பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பசும்பால் குழந்தைக்குச் சேரவில்லை. குடித்ததையெல்லாம் கக்கினாள். தம்பி கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வெள்ளாடு பிடித்து வந்தான். முகத்தைவிட நீளமான தொங்கு காது அதற்கு. அந்தப் பால் வயிற்றில் தங்கியது, பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. செத்துப்போனவளின் தாய் வீட்டார்தான் விடவில்லை. பள்ளிப்பட்டில், தெலுங்கு பேசும் அந்த வீட்டில், அவளுடைய அண்ணி அப்போது தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கொடுங்கள் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். "ஆட்டுப்பால் இருக்கிற வரைக்கும் அக்காகிட்டவே இருக்கட்டும்" என்று தம்பி பதில் சொன்னான்.

ஆடி மாதம் ஆட்டின் இடது காது உப்பிக் கனத்துத் தொங்கியது. உண்ணிக் கடிக்கு ஓயாமல் உதறியதால் வந்த வினை. தீனி எடுக்கவில்லை. பால் பாதியாகிவிட்டது.

மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஊசி போடக் கிராமங்களுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மட்டும் இருந்தார், பொறுமையான மனிதர். ஆட்டின் நல்ல காதை வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தார். தோல் வழியாக வெளிச்சம் வந்தது. காதின் முதுகுப்பக்கம் சிவப்பாக மூன்று கோடுகள் அடியிலிருந்து நுனிவரை கிளைவிட்டு ஓடின.

"பாத்தியாம்மா? இதெல்லாம் ரத்தக் குழாய். உடம்புச் சூடு இது வழியாவும் எறங்குது. வீங்கின காதுல ஒண்ணு கிழிஞ்சி ரத்தம் கட்டிக்கினு கீது. சீழ் இல்ல. டாக்டர் வந்தா உள்பக்கமா, நீட்டுவாக்குல கீறி, தோல் ஒட்டற மாதிரி தையல் போடுவாரு. குறுக்க அறுத்தா ரத்தம் நிக்காது."

"எப்ப வருவாரு?"

"பத்து நாளு ஆவும். அதுவரைக்கும் காத தலையோட சேத்துக் கட்டி வை. தானா அடங்கினாலும் அடங்கும்."

"பத்து நாளு என் புள்ள இன்னா காத்தையா குடிக்கும்?" என்று கத்திவிட்டு வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்!

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஒரு பாலாடை பால்தான் வந்தது. குழந்தை வீறிட்டாள். வேலைக்குக் கிளம்பின தம்பி, "நாளைக்குப் பள்ளிப்பட்டுல வுட்டுட்றேங்க்கா" என்றான். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் தலை மறைந்ததும் அவனுடைய சவரப் பிளேடை வெந்நீரில் போட்டு எடுத்தேன். ஆட்டை மரத்தில் கட்டினேன். வீங்கிய காதை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. கட்டின ரத்தம் வெளிச்சத்தை மறைத்துவிட்டது. நல்ல காதில் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு உள்பக்கம், நீட்டுவாக்கில்தான் வைத்தேன். சத்தியமாக நீட்டுவாக்கில்தான். ஆடு தலையை உதறியது. பிளேடு குறுக்கே இழுத்துக் காதின் முதுகுவரை போய்விட்டது.

முதலில் கறுத்த ரத்தம் கட்டியாக விழுந்தது. பிறகு சிவப்பாகப் பீச்சியடித்தது. மஞ்சள் அப்பினேன், காப்பித்தூள் அப்பினேன், புடவையைக் கிழித்துக் கட்டினேன். கட்டக் கட்ட உதறியது. சுவரெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய்க் கம்பவுண்டரைக் கூட்டிவந்தபோது ஆடு சாய்ந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் குழந்தை பள்ளிப்பட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று வருஷம் கழித்து ஆடிக் கிருத்திகையன்று மலைக்கோயிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தோடு நின்றேன். வெயில் பின்பக்கமிருந்து அடித்ததில் அந்தச் சின்னக் காதில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. ஆசாரி ஊசியை எடுத்ததும், "ஐயோ, நரம்பு பாத்துக் குத்துங்க!" என்று அலறிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரே ஒரு சொட்டு ரத்தம்தான் வந்தது.

அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் கேட்டாள், இந்த அம்மா யார் என்று.